கட்டணத்தை உயர்த்திய கூட்டத்தில் நீங்கள் இருந்தீர்களா? (இந்தக் கேள்விக்குப் புனைபெயர்களில் வந்த பதிவுகள்.)

கிணற்றடி

எங்கள் நகராட்சியில் குடிநீர்க் கட்டணத் தீர்மானம் வந்த அன்று பார்வையாளர் வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். பார்வையாளர் பேசக் கூடாது, கைபேசி கூடாது, மின்விசிறியும் எங்கள் பக்கம் திரும்பாது. அஜெண்டாவில் அறுபத்துச் சொச்சம் பொருள்கள். வாசிப்பவர் ஒரே மூச்சில் படித்துக்கொண்டே போகிறார். "மன்றத்தின் முடிவுக்கு" என்று அவர் இழுக்கும்போதே முன்வரிசையில் மேசையைத் தட்டிவிடுகிறார்கள்.

எங்கள் விஷயம் 41ஆவது பொருள். மாதம் 100 ரூபாய் 180 ஆகிறது. மூன்று நாளைக்கு ஒரு முறை வரும் தண்ணீருக்கு. எங்கள் வார்டு கவுன்சிலர் எழுந்து, தலைவரின் மேசைமேல் ஒரு குளிர்பானப் பாட்டிலை வைத்தார். உள்ளே எங்கள் தெருக் குழாயில் பிடித்த தண்ணீர், நீர்த்துப்போன டீயின் நிறத்தில். "எந்தத் தெரு?" என்றார் தலைவர். இவர் சொன்னார். பொறியாளர் பாதி எழுந்து, "மதிப்பீடு தயாராகிறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மேசை தட்டினார்கள். முடிந்தது.

என் மனத்தில் நிற்பது அதற்குப் பிறகு நடந்தது. டீத்தட்டு வைக்க இடம் வேண்டும் என்று உதவியாளர் அந்தப் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். மூலையில் குரோட்டன்ஸ் தொட்டி இருந்தது. அதில் கொஞ்சம் ஊற்றினார். செடியை ஒரு முறை பார்த்தார். மீதியை ஊற்றாமல் மூடி, வெளியே கொண்டுபோய்விட்டார்.

அந்த மண்டபத்தில் அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு முடிவு எடுத்தவர் அவர் ஒருவர்தான். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

மேலத்தெரு

மேசை தட்டுகிறவர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். என் அம்மா தட்டியவர்.

2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்தார். ஏப்ரலில் சொத்து வரி உயர்வு வந்துவிட்டது. நினைவிருக்கும் எல்லோருக்கும்: சென்னைக்கு வெளியே 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம், பழைய சென்னைப் பகுதியில் 150 வரை. வரியை உயர்த்தினால்தான் மத்திய நிதி ஆணையத்தின் மானியம் என்று காரணம் சொன்னார்கள். மேலே முடிவாகிவிட்டது, கீழே கை தூக்க ஆள் வேண்டும். அம்மா முதல் நாள் இரவு அந்த அஜெண்டாக் கட்டை மூன்று முறை படித்தார். மறுநாள் தட்டிவிட்டு வந்தார். எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் கிணற்றடி சொல்வதுபோல அவ்வளவு சுலபமாக நடந்த காரியமும் இல்லை.

அதற்கு இரண்டு நாள் முன்பு எதிர்வீட்டு அத்தைக்கு அம்மா ஒரு டப்பாவில் வற்றல்குழம்பு கொடுத்தனுப்பியிருந்தார். எங்கள் தெருவில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் வரும். தீர்மானம் நிறைவேறிய அன்று சாயங்காலம் அத்தையின் பேரன் டப்பாவைக் கொண்டுவந்தான். நன்றாகத் தேய்த்துத் துடைத்து, பளபளவென்று. உள்ளே ஒன்றும் இல்லை. அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்ப மூடி, அலமாரியில் வைத்தார். அன்று இரவு சாப்பிடவில்லை.

லேத்துப்பட்டறை

என்னுடையது மன்றக் கூட்டம் இல்லை, மின் கட்டணக் கருத்துக்கேட்பு. 2022 ஆகஸ்டு, கோயமுத்தூர். தொழில் செய்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இணைப்பின் கிலோவாட் அளவைப் பொறுத்து மாதாமாதம் கட்டும் நிலைக்கட்டணப் பிரச்சினை. அதுவரை கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாய்.

இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். மனைவி படித்துப் பார்த்து, "கோபத்தைக் குறைத்து எழுதுங்கள்" என்றாள், குறைத்தேன். காலையிலிருந்து காத்திருந்தேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் என் இரண்டு பக்கத்தையும் என்னைவிட நன்றாகப் பேசிவிட்டார்கள். விசைத்தறிக்காரர் ஒருவர் பேசும்போது மண்டபமே அடங்கிப்போயிற்று.

என் முறை வந்தது. மைக்கைப் பிடித்து, "ஐயா, எங்களைப் போன்ற சிறு பட்டறைகள்" என்று ஆரம்பித்தேன். மேடையிலிருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "உங்கள் இணைப்பு எத்தனை கிலோவாட்?"

எனக்குத் தெரியவில்லை.

பத்தொன்பது வருடமாகக் கட்டுகிறேன். ரசீது சட்டைப்பையிலேயே இருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை. "சின்ன இணைப்புதான், ஐயா" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன். 18 கிலோவாட். பஸ்ஸில் வரும்போது பார்த்தேன். 35 ரூபாய்க் கணக்கில் 630. செப்டம்பர் ஆணையில் 50 கிலோவாட் வரை 75 ரூபாய் ஆனபோது 1,350. பட்டறையை மூடிவைத்தாலும் கட்ட வேண்டிய பணம் அது. இதைச் சொல்லத்தானே போனேன்? இன்றைக்கும் லேத்தை ஓடவிட்டதும் அந்தக் கேள்வி காதில் விழுகிறது.

ஓய்வுபெற்ற கணக்கர்

மேலே இரண்டு வேறு விஷயங்கள் கலந்து வருகின்றன. குடிநீர்க் கட்டணம் உள்ளாட்சி மன்றத்தில் தீர்மானமாகும். மின் கட்டணத்துக்கும் கவுன்சிலருக்கும் சம்பந்தம் இல்லை. அது ஒழுங்குமுறை ஆணையத்தின் வேலை.

என் அனுபவம் சிறியது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளராக, படிக்கட்டு விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்பதை எதிர்த்து எழுதினேன். பத்து வீடு, மூன்று மாடி, லிஃப்ட் இல்லை. 2023 நவம்பரில் அப்படிப்பட்ட கட்டடங்களுக்கு அது 5 ரூபாய் 50 காசாகக் குறைந்தது. என் கடிதத்தால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடிதத்தின் நகல் வைத்திருக்கிறேன்.

இனிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வாயால் பேசுவதை நம்பாதீர்கள், எழுத்தில் கொடுங்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64ஆவது பிரிவுப்படி, ஆட்சேபங்களைப் பரிசீலித்து 120 நாளுக்குள் ஆணை வர வேண்டும். 2022இல் ஜூலை 18 அன்று மின் வாரியத்தின் கட்டண உயர்வு மனு, ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை என்று கூட்டங்கள், செப்டம்பர் 10இல் புதிய கட்டணம். இரண்டு மாதம்கூட இல்லை. விழித்திருக்க வேண்டும்.

"ஏழைகள் பாவம்" என்று பேசாதீர்கள், எண்ணைப் பேசுங்கள். அந்த 2022 ஆணையின்படி ஒரு வீடு இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் எரித்தால் 1,725 ரூபாய். முன்பு 1,130. அதே வீடு 501 எரித்தால்? 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு என்ற சலுகை போய் 4 ரூபாய் 50 காசு ஆகிவிட்டது, பெரும்பாலும் அதனால் வந்த வித்தியாசம். கணக்கெடுக்கிறவர் நான்கு நாள் தாமதமாக வந்தால் போதும், தாண்டிவிடுவீர்கள். மாதாமாதம் கணக்கெடுங்கள் என்று கேட்பது இதனால்தான். 2021 தேர்தல் அறிக்கையில் திமுக கொடுத்த வாக்குறுதிதானே அது? ஆகவே மீட்டர் அட்டையில் தேதியைப் பாருங்கள், பழைய ரசீதுகளை ஒரு கோப்பில் வையுங்கள், இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, எத்தனை கிலோவாட் என்பதை மனப்பாடம் செய்யுங்கள். லேத்துப்பட்டறை அன்பர் அதைச் செய்திருந்தால்

லேத்துப்பட்டறை

ஐயா, நான் யோசனை கேட்கவில்லை. மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாததை இங்கே சொன்னேன். அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற கணக்கர்

புரிகிறது. வாக்கியம் பாதியில் போய்விட்டது, "செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்றுதான் முடிக்க வந்தேன். தவறாக எண்ண வேண்டாம். 18 கிலோவாட்டுக்கு உங்கள் கணக்கு சரி.

மாடிப்படி அறை

வாடகைக்காரன் ஒருவனும் பேசிக்கொள்ளட்டும். 501 யூனிட், 18 கிலோவாட் எல்லாம் சொந்த மீட்டர் உள்ளவர்கள் கவலை. எனக்கு வீட்டுக்காரர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். இலவச 100 யூனிட் எங்கே போகிறது என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை, அறை போய்விடும்.

வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை என்று 2022 நவம்பர் 1 முதல் நடத்துகிறார்களே, அதற்கு ஒரு முறை போனேன். தண்ணீர்க் கட்டணத்தைப் பற்றிக் கேட்க எழுந்ததும், பக்கத்தில் இருந்த பெரியவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "நீங்கள் வாடகைதானே, தம்பி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தவறான பந்தியில் உட்கார்ந்த பிள்ளையை எழுப்புவதுபோலச் சொன்னார். உட்கார்ந்தேன். கட்டணம் உயர்ந்த மாதமே என் வாடகையில் 300 ஏறிற்று.

மேலத்தெரு, ஒன்று கேட்கலாமா? அந்த டப்பா விஷயம் பிறகு என்ன ஆயிற்று? எதிர்வீட்டில் பேசுகிறார்களா?

மேலத்தெரு

பேசுகிறார்கள். அடுத்த வருடம் அத்தைக்கு முட்டி அறுவை நடந்தபோது மருத்துவமனையில் அம்மாதான் இரண்டு இரவு உடனிருந்தார். வரியைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தையும் பேசிக்கொண்டதில்லை. தீபாவளிக்கு அதிரசம், பொங்கலுக்கு வெண்பொங்கல் எல்லாம் இன்றும் போகிறது. அம்மா பாத்திரத்தில் மட்டும் கொடுப்பதில்லை. வாழையிலையில் சுற்றிக் கொடுத்தனுப்புகிறார்.