பதில் போட்டது அவரா, அட்மினா?

செல்லூர்க்காரன்: வைகைக்கரை நேற்று இங்கே எழுதியது: "முன்பு மனு கொடுக்கத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கால்கடுக்க நிற்க வேண்டும். இப்போது மக்கள் பிரதிநிதியே முகநூலில் நேரடியாகப் பதில் சொல்கிறார்." நேரடியாகவா? மதுரை செல்லூரில் எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை பொங்குவதைப் படம் எடுத்துக் கவுன்சிலர் பக்கத்தில் போட்டேன். "தகவலுக்கு நன்றி, உடனே கவனிக்கிறேன்" என்று இரண்டு கும்பிடோடு பதில் வந்தது. பக்கத்துத் தெருக்காரர் தன் அப்பத்தா இறந்த செய்தி போட்டிருந்தார். அதற்குக் கீழேயும் அதே பதில், அதே இரண்டு கும்பிடு. இதை அவரா தட்டினார், அவர் பக்கத்தை நடத்தும் அட்மினா?

வைகைக்கரை: யார் தட்டினால் என்ன? சாக்கடை சரியானதா, அதைச் சொல்லுங்கள்.

செல்லூர்க்காரன்: லாரி வந்து உறிஞ்சியது, மறுவாரமே பொங்கிவிட்டது. என் கேள்வி அது இல்லை. பதில் போட்டது யார்?

ஆனையூர் அக்கா: எல்லோருக்கும் அவரே தட்டிக்கொண்டிருந்தால் வார்டு வேலையை யார் பார்ப்பது? தெருவிளக்கு எரியவில்லை என்று போட்டேன், மறுநாளே ஆள் வந்தது. எனக்கு அது போதும்.

செல்லூர்க்காரன்: உங்களுக்குப் போதும், எனக்குப் போதாது. பழனிவேல் தியாகராஜன் நிதியமைச்சராக இருந்தபோது ட்விட்டரில் மல்லுக்கட்டினாரே, பிடிக்கிறதோ இல்லையோ, அங்கே ஒரு ஆள் இருந்தார். நான் கேட்பது அந்த ஆளைத்தான்.

வைகைக்கரை: அப்போது "அமைச்சர் இப்படியா பேசுவது" என்று இங்கே குதித்தவரே நீங்கள்தான்! அவரே பேசினால் திமிர், அட்மின் பேசினால் ஏமாற்று. இவ்வளவு கேள்வி கேட்கிற செல்லூர், தெர்மாகோல் மிதந்தபோது எங்கே போனது?

செல்லூர்க்காரன்: வந்துவிட்டதா தெர்மாகோல்! அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் மிதக்கவிட்டது 2017 ஏப்ரல் கதை. வைகை அணை இருப்பது ஆண்டிபட்டி பக்கம், தேனி மாவட்டம். அமைச்சர் பெயரில் ஊர் இருந்த பாவத்துக்கு, தறி ஓட்டிப் பிழைத்த ஊரையே மீம் ஆக்கினீர்கள். 2024 அக்டோபர் மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றபோது அந்த மீம்காரர்கள் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

குன்றத்தான்: தெர்மாகோலை விடுங்கப்பா. 2019 ஜனவரி 27-ல் எங்கள் தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனைக்குப் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். அன்றைக்கு வரவேற்று ஒரு ஹேஷ்டேக், திரும்பிப் போ என்று ஒரு ஹேஷ்டேக். 2021 தேர்தலில் இதுதான் எய்ம்ஸ் என்று உதயநிதி தூக்கிக் காட்டிய ஒற்றைச் செங்கல் வேறு. அத்தனை லைக்கும் சேர்ந்து ஒரு சுவர் எழுப்பியதா?

செல்லூர்க்காரன்: எய்ம்ஸுக்குத் தனித் திரி தொடங்குங்கள். பதில் போட்டது யார்?

ஆனையூர் அக்கா: எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலுக்கு வேட்புமனுவிலேயே சமூக ஊடகக் கணக்கைக் காட்டச் சொல்லித் தேர்தல் ஆணையம் 2013-ல் உத்தரவு போட்டது. கவுன்சிலருக்கும் அதே நியாயம்தான். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. முடிந்ததா?

செல்லூர்க்காரன்: முடியவில்லை. அப்பத்தா சாவுக்கு "உடனே கவனிக்கிறேன்" என்று போட்டதற்கு யார் பொறுப்பு ஏற்றார்? அதைக் கேட்டதற்கு என்னை பிளாக் பண்ணிவிட்டார்கள். அதுவாவது அவர் பண்ணினாரா?

வைகைக்கரை: ஓ, பிளாக்கா! அதுதான் இத்தனை கோபம்.

செல்லூர்க்காரன்: கோபம்தான். 2022 பிப்ரவரியில் ஓட்டுக் கேட்டு என் வாசலுக்கு அட்மினையா அனுப்பினார்? நாளைக்கும் கேட்பேன், பதில் போட்டது யார்?

வைகைக்கரை: தாராளமாகக் கேளுங்கள். கோரிப்பாளையம் மேம்பாலம் பற்றி நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.