இரவு மாத்திரை: பிள்ளைகளின் ரத்தப் புற்றுநோயில் நாம் காண்பவை

மருந்தகத்திலிருந்து:
பிள்ளைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகையான ஏஎல்எல்-க்கான சிகிச்சையில், நோய் திரும்பாமல் காக்கும் பராமரிப்புக் கட்டம்தான் நீளமானது. வீட்டிலேயே தினமும் இரவில் மெர்காப்டோப்யூரின், வாரம் ஒரே நாள் மெத்தோட்ரெக்ஸேட். மெர்காப்டோப்யூரின் மாத்திரை 50 மில்லிகிராம். உடற்பரப்பு 0.8 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 60 வேண்டும். ஆகவே வாரக் கணக்கு: நான்கு நாள் ஒன்று, மூன்று நாள் ஒன்றரை, மொத்தம் 425. கோளாறு வருவது அந்த ஒன்றரையில்தான். அப்பா அம்மா வேலைக்குப் போய்விட, பாட்டி கொடுக்கும் வீட்டில் ஆங்கில லேபிள் உதவாது. ஏழு அறை டப்பாவில் ஞாயிறன்றே நிரப்பி வையுங்கள். மாத்திரையை உடைக்கக் கையுறை அவசியம். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். மெத்தோட்ரெக்ஸேட் அந்த டப்பாவுக்குள் போகக்கூடாது, தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. தனி உறையில் கிழமையைத் தமிழில் எழுதி வையுங்கள்.

ஆய்வகத்திலிருந்து:
மருந்தக அண்ணா சொன்ன அளவே சில பிள்ளைகளுக்குத் தாங்காது. மெர்காப்டோப்யூரினைச் செயலிழக்கச் செய்யும் நொதி டிபிஎம்டி; அதன் மரபணு மாறுபாடு ஐரோப்பியரிடம் அதிகம் என்பதால் பல காலம் அதை மட்டுமே பார்த்தார்கள். கிழக்காசியப் பிள்ளைகளுக்கு வெள்ளணு சரிந்ததன் காரணம் பிடிபடவில்லை. என்யூடிடி15 என்ற இன்னொரு மரபணுவின் மாறுபாடு 2014இல் கொரியாவில் குடல் அழற்சி நோயாளிகளிடம் தெரியவந்தது; ரத்தப் புற்றுநோய்க்கான 2016 ஆய்வில் சிங்கப்பூர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். தெற்காசியரிடமும் இது உண்டு, நம் பிள்ளைகளுக்கும் கேட்டுச் செய்யவேண்டிய சோதனை. இந்த மரபணுவின் இரண்டு பிரதியும் மாறியிருந்தால் வழிகாட்டி சொல்லும் தொடக்க அளவு நாளுக்குச் சதுர மீட்டருக்கு 10 மில்லிகிராம் மட்டுமே. ஒரு எச்சரிக்கை: ரத்தம் ஏற்றிய பிறகு டிபிஎம்டி நொதியை அளந்தால் கொடையாளியின் சிவப்பணுதான் பதில் சொல்லும். மரபணுச் சோதனையே கேளுங்கள்.

வார்டு தாதி:
ஆய்வகத் தம்பி சொன்ன சோதனை சரியாக இருந்தும் நோய் திரும்புவது எங்களை உறுத்தும். அமெரிக்காவில் சில்லு பொருத்திய மூடியால் மாத்திரைப் புட்டி திறக்கும் நேரத்தைப் பதிந்து பார்த்தார்கள். கொடுக்கவேண்டிய வேளைகளில் 95 விழுக்காட்டுக்குக் கீழே போனவர்களிடம் நோய் திரும்புவது அதிகம். மாதத்தில் இரண்டு இரவு விட்டாலே 93தான். அங்கே கருப்பின, லத்தீன், ஆசியக் குடும்பங்களில் விடுபடல் கூடுதலாக இருந்தது. மறதியே பெரிய காரணமாகச் சொல்லப்பட்டது.

நியூட்ரோஃபில் எனும் வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்கும் 1,500க்கும் இடையே நிற்கவேண்டும். தொடர்ந்து மேலேயே இருந்தால் உடனே அளவைக் கூட்டிவிடாதீர்கள். முதலில் மிச்ச மாத்திரையை எண்ணுங்கள். பிறகு மெர்காப்டோப்யூரின் உடலுக்குள் மாறி உருவாகும் டிஜிஎன், எம்எம்பி இரண்டையும் ரத்தத்தில் பாருங்கள். இரண்டுமே அடிமட்டம் என்றால் மருந்து உள்ளே போகவில்லை. அப்போது கேட்கவேண்டியது "ஏன் கொடுக்கவில்லை?" அல்ல, "ராத்திரி யார் கொடுக்கிறாங்க, எத்தனை மணிக்கு?" என்று. பல் துலக்கும் நேரத்தோடு மாத்திரையைச் சேர்த்துவிட்டால் பாட்டிக்கும் நினைவிருக்கும்.