‘மண்டலத் தேர்வு’ வேண்டாம், ‘இடத்தெரிவு’ போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு வேதிவினையில் புதிய அணு ஒரு மூலக்கூறின் பல இடங்களில் சேர முடிந்தாலும் அவற்றுள் ஓர் இடத்திலேயே மிகுதியாகச் சேர்வதை ஆங்கிலத்தில் ரெஜியோசெலக்டிவிட்டி என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘மண்டலத் தேர்வு’, ‘வட்டாரத் தேர்திறன்’ என்ற இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. வட்டாரம் என்றதும் பேச்சுவழக்கு நினைவுக்கு வருகிறது. மண்டலம் என்றால் ரயில்வே. இங்கே பேச்சு அவ்வளவு பெரிய பரப்பைப் பற்றியதன்று. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கார்பன்களைப் பற்றியது.

புரோப்பீனையே எடுத்துக்கொள்வோம். மூன்று கார்பன்கள், ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு. ஹைட்ரஜன் புரோமைடு சேரும்போது புரோமின் நடுக் கார்பனிலும் அமரலாம், ஓரக் கார்பனிலும் அமரலாம். பெரும்பாலும் நடுவில்தான் அமரும். ரஷ்ய வேதியியலாளர் மார்க்கோவ்னிக்கோவ் 1869-இல் சொன்ன விதி இதுதான். புரோட்டான் முதலில் ஓரக் கார்பனைப் பற்றுகிறது. நேர்மின்சுமை நடுக் கார்பனுக்கு வருகிறது. அந்த ஈரிணைய கார்பன் நேரயனியே (நேர்மின்சுமை தாங்கும் கார்பனோடு வேறு இரண்டு கார்பன்கள் இணைந்தது) நிலைப்புத்தன்மை மிக்கது. ஆனால் கலவையில் சிறிது பெராக்சைடு இருந்துவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். இப்போது முந்திக்கொள்வது புரோமின் தனி உறுப்பு, அதாவது இணையில்லா எலக்ட்ரான் கொண்ட புரோமின் அணு. அது ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறது, 1-புரோமோபுரோப்பேன் கிடைக்கிறது. சிகாகோவில் வேதியியலாளர்கள் கராஷும் மேயோவும் 1933-இல் இந்தப் பெராக்சைடு விளைவை விளக்கும்வரை, ஒரே வகைச் சேர்க்கை வினை ஏன் ஒருமுறை ஒன்றையும் மறுமுறை வேறொன்றையும் தருகிறது என்பது குழப்பமாகவே இருந்தது. நம் சொல் இந்த நிகழ்வைத் தாங்க வேண்டும்.

‘ரெஜியோ’ என்ற முன்னொட்டை 1968-இல் வேதியியலாளர் ஹாஸ்னர் கொண்டுவந்தார். இலத்தீனில் அதற்குத் திசை, பகுதி என இரு பொருளும் உண்டு. நம் ‘திசை’யும் அப்படித்தான்: தொல்காப்பியத்தின் திசைச்சொல் என்பது பிற நிலப்பகுதிகளின் சொல். இந்தப் பொருத்தத்தில் மயங்கி ‘திசைத்தெரிவு’ என்ற சொல்லைச் சில நாள் வகுப்பில் பயன்படுத்தினேன். பந்தும் குச்சியுமாகச் செய்த மூலக்கூறு மாதிரியைக் கையில் எடுத்த ஒரு மாணவி, இரட்டைப் பிணைப்பின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் விரலால் தொட்டு, “எந்தத் திசையிலிருந்து வரும், ஐயா?” என்று கேட்டார். அது புறவெளி பற்றிய, அதாவது அணுக்கள் முப்பரிமாணத்தில் எப்படி அமைகின்றன என்பது பற்றிய கேள்வி. நான் கற்பிக்க வந்ததோ வேறு. தவறு அவருடையதன்று, சொல்லினுடையது. அன்றே அதைக் கைவிட்டேன்.

இடம் என்றால் இந்த மயக்கம் இல்லை. டொலுயீன் என்பது ஒரு மெத்தில் தொகுதி இணைந்த பென்சீன் வளையம். அதில் நைட்ரோ ஏற்றம் செய்தால், மெத்திலுக்கு அடுத்த இடமான ஆர்த்தோவும் நேரெதிர் இடமான பாராவுமே மிகுதி, இடையிலுள்ள மெட்டா 5 விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. அங்கே திசை பொருந்தாது, இடம் பொருந்துகிறது. பள்ளிப் பாடத்தில் ‘இட மாற்றியம்’ ஏற்கெனவே இருக்கிறது. மாணவர் காதுக்குப் புதிதன்று.

பின்பாதிக்குத் ‘தெரிவு’ என்கிறேன். ‘தேர்வு’ தமிழ்நாட்டு மாணவருக்குப் பரீட்சை. இலங்கையில் ‘தெரிவு’ அன்றாட வழக்கு. தெரிதல் என்றால் ஆராய்ந்து எடுப்பது என்ற பொருளுக்குத் திருக்குறளின் ‘தெரிந்துவினையாடல்’ அதிகாரமே சான்று. எந்தத் தொகுதி வினைபுரியும் என்பதற்கு வேதித் தெரிவு, எந்த இடத்தில் என்பதற்கு இடத்தெரிவு, எந்த முப்பரிமாண அமைப்பில் என்பதற்குப் புறவெளித் தெரிவு என்று குடும்பமாகவும் நிற்கும்.

ஒரே விளைபொருள் மட்டும் வந்தால் ‘ரெஜியோஸ்பெசிஃபிக்’ என்று சொல்லும் பழக்கத்தை, வேதியியல் சொற்களை வரையறுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயுபேக் பரிந்துரைப்பதில்லை. நமக்கும் தனிச்சொல் தேவையில்லை. ‘முழு இடத்தெரிவு’ போதும்.

பெயரடைக்கு ‘இடந்தெரி வினை’ என்று எழுதிப் பார்த்தேன். சுருக்கமாக இருக்கிறது, சொல்லவும் எளிது. புணர்ச்சி சரிதானா என்று இலக்கணம் அறிந்தவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.