பத்து இலக்கு, ஒரே வாரம்: எதை முதலில் வைப்பது?

கேள்வி
உடற்பயிற்சி, குடும்பம், மேற்படிப்பு, சேமிப்பு, வாசிப்பு என்று பட்டியல் பத்தைத் தொட்டுவிட்டது. ஞாயிறன்று போடும் அட்டவணை புதனுக்குள் குலைந்துவிடுகிறது. எல்லாமே முக்கியமாகத்தான் தெரிகிறது. வேலை வாரத்துக்கு 48 மணி நேரம், போய்வர 10. எங்கே ஆரம்பிப்பது?

பதில் 1
முதலில் கழித்தல் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் நாளுக்கு ஏழரை என்றால் 52.5. வேலையும் பயணமும் 58. குளியல், சமையல், சாப்பாடு, வீட்டு வேலை நாளுக்கு மூன்றரை வைத்தால் 24.5. மிச்சம் 33.

அதிலும் 11 மணி நேரத்தை எதற்கும் ஒதுக்காதீர்கள். காய்ச்சல், விருந்தாளி, இழுத்துக்கொண்டே போகும் அலுவலக வேலை எல்லாம் அங்கேதான் வந்து விழும். கையில் நிற்பது 22. பத்து இலக்குக்குப் பங்கு போட்டால் தலைக்கு இரண்டு மணிச் சொச்சம், ஒன்றும் நகராது.

புதனன்று குலைவது பெரும்பாலும் சோம்பலால் அல்ல. இடைவெளி இல்லாத அட்டவணையில் திங்கள் தவறியது செவ்வாய் தலையில் ஏறும், புதனுக்கு இரண்டு நாள் பாக்கி சேர்ந்திருக்கும். போதாததற்கு, வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுவோம். உளவியலாளர்கள் கானேமனும் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே எழுதிய விஷயம் இது. போன தடவை இதே வேலைக்கு எவ்வளவு ஆனதோ அதையே எழுதுங்கள்.

பதில் 2
பத்தையும் இரண்டிரண்டாக மோதவிடுங்கள். “அடுத்த மூன்று மாதத்தில் இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்கும் என்றால் எது?” மொத்தம் 45 ஜோடி, அரைமணி நேர வேலை. அதிகம் ஜெயித்த இரண்டுக்கு மட்டும் பெரிய பங்கு. உடம்பு மாதிரி விடவே முடியாதவற்றுக்குக் குறைந்தபட்ச அளவு வையுங்கள்: உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது அரைமணி வேக நடை, ஐந்து நாள். சேமிப்புக்கு நேரமே வேண்டாம். சம்பளம் வந்த மறுநாள் தானாகப் பிடித்துக்கொள்ள வங்கியில் சொல்லிவிட்டு பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் ‘இப்போதைக்கு இல்லை’ தாளுக்கு, மறுபடி பார்க்கும் தேதியோடு.

பதில் 3
மேலே சொன்னதோடு ஒன்று. “ஏழு மணிக்குப் படிப்பு” என்று எழுதினால் பேருந்து தாமதமானாலே போச்சு. “இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் 25 நிமிடம்” என்று எழுதுங்கள். எத்தனை மணிக்கு வந்தாலும் நடக்கும். 21 நாளில் பழக்கமாகிவிடும் என்பதை நம்பாதீர்கள். லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் சராசரி 66 நாள். ஆளுக்கும் வேலைக்கும் ஏற்ப 18 முதல் 254 வரை.

கேள்வி கேட்டவர்
நன்றி. படிப்பும் குடும்பமும் ஒரே மாலையில் மோதினால்?

பதில் 2
மோதும் நேரத்தில் முடிவெடுத்தால் சண்டைதான். தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம் படிப்பு, மற்ற நாள் குடும்பம் என்று வீட்டாரோடு பேசி இப்போதே காலண்டரில் குறியுங்கள். ‘குடும்பத்துக்கு ஐந்து மணி நேரம்’ என்ற வரி செல்லாது. ‘பிள்ளைகள் தூங்குமுன் 40 நிமிடம், போன் அடுத்த அறையில்’ என்றால்தான் நடந்ததா இல்லையா என்று தெரியும். ஞாயிறுதோறும் 20 நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு வேலை தொடர்ந்து இரண்டு வாரம் தவறினால் நேரத்தை மாற்றாதீர்கள், அளவைப் பாதியாக்குங்கள்.