புதுப்பிப்பு: அம்மாவோடு சிவனசமுத்திரம் போய் வந்தோம்

முழங்கால் வலி உள்ள அம்மாவை டிசம்பரில் ஒருநாள் டூர் பஸ்ஸில், கர்நாடகத்தில் காவிரி அருவியாக விழும் சிவனசமுத்திரம் கூட்டிப் போகலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். "இப்ப தண்ணி இருக்காது, ஆகஸ்ட்ல போங்க" என்று பாதிப் பேர் சொன்னீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை போய் வந்துவிட்டோம். பெங்களூர் அல்சூரில் ஏறும்போது நல்ல குளிர், அம்மா மஃப்ளரைக் கழற்றவே இல்லை. பஸ் முக்கால் மணி நேரம் தாமதம், அது ஒன்றுதான் குறை.

தண்ணீர் குறைவுதான். அங்கே உள்ள இரண்டு அருவிகளில், ககனசுக்கியில் பாறைதான் அதிகம் தெரிந்தது. ஆனால் பரசுக்கியில் காவிரி பத்துப் பதினைந்து வெள்ளைச் சரமாகப் பிரிந்து விழுகிறது. வெள்ளம் வந்தால் இந்த அழகு தெரியாது. அம்மா படியில் இறங்கவில்லை, மேலே கைப்பிடியைப் பிடித்தபடியே பார்த்தார். கம்பி ஈரமாக, ஜில்லென்று இருந்தது.

வழிகாட்டி தமிழிலேயே விளக்கினார். 1902இல் இங்கே இந்தத் தண்ணீரிலிருந்து எடுத்த மின்சாரம் முதலில் போனது கோலார் தங்கவயலுக்கு, ஏறத்தாழ 147 கிலோமீட்டர். பெங்களூருக்கே 1905இல்தான் விளக்கு எரிந்ததாம். மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்துத் திட்டம்.

என் தாத்தா தங்கவயல் சுரங்கத் தொழிலாளி. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா கீழ இறங்கின கூண்டை இழுத்தது இந்தத் தண்ணிதானாடா?" என்றார்.

முழங்காலுக்குத் தொந்தரவில்லை. ஆகஸ்டிலும் வரணுமாம்.