ஆயில் சீலுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

மொழிபெயர்ப்பவர்:
வணக்கம். ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் பிரிவுக்காக, லாரி கியர் பாக்ஸை இறக்கிச் சோதித்துச் சீல் மாற்றும் பாடத்தைத் தமிழில் தர வேண்டும். வெள்ளிக்கிழமை கெடு. எனக்கு முன் யாரோ செய்த வரைவில், ஆயில் வெளியே போகாமல் காக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் 'எண்ணெய் முத்திரை' ஆகியிருக்கிறது, சீல் மாற்றுவது 'மறுமுத்திரையிடல்'. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, லாரியைத் தாலுக்கா ஆபீஸுக்கா அனுப்புகிறாய் என்று கேட்டார். ஒரே ஒரு சொல் சொல்லுங்கள், போதும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, முத்திரை பதிப்பதற்கும் இடுக்கை அடைப்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். நமக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. மரக்கலத்தின் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கீல், அதாவது தார், பூசுவதற்குக் 'கலப்பற்று' என்று பெயர். கலம் + பற்று. கடலில் உதவிய சொல் கியர் பெட்டிக்கு உதவாதா? புறநானூறு 102-இல் உப்பு வணிகரான உமணர் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு கட்டிப் போனதை ஔவையார் 'சேமவச்சு' என்கிறார். ஸ்டெப்னிக்கே அன்றைக்குச் சொல் வைத்திருந்தவர்கள் நாம்.

சொற்பிறப்பு ஆர்வலர்:
ஐயா மன்னிக்க வேண்டும், கலப்பற்றில் கலமும் இல்லை, பற்றும் இல்லை என்பது என் கட்சி. போர்த்துக்கீசியத்தில் கலஃபாத்தே என்றால் கப்பல் இடுக்கு அடைப்பவன். இந்தியிலும் வங்காளத்திலும் காலாபத்தி. அரபியிலும் இதன் உறவு உண்டு. துறைமுகந்தோறும் ஏறி இறங்கிய சொல் அது, நடுவில் றகரத்தைச் செருகியதும் தமிழாகிவிடுமா? அப்படிப் பார்த்தால் 'சீல்' என்ன பாவம் செய்தது? சகரத்தோடு அ, ஐ, ஔ சேர்ந்துதான் மொழிமுதலில் வராது என்கிறார் தொல்காப்பியர். சீ வரலாம், ஈற்றில் லகரமும் வரலாம். இலக்கணத் தடை ஏதுமில்லை, அப்படியே விட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வடவெழுத்தை நீக்கு என்றுதான் சொன்னார், கதவைத் திறந்து போடு என்று சொல்லவில்லை.

நாமக்கல் பயிற்றுநர்:
நாமக்கல்லில் பட்டறை வைத்திருந்துவிட்டு இப்போது பசங்களுக்குச் சொல்லித்தருகிறவன் நான். கலமெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்கள் ஒரு சாமானுக்குச் சொல் தேடுகிறீர்கள், பெட்டியில் இருப்பதோ இரண்டு. ஒன்று, மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே அசையாமல் கிடக்கும் காகிதம். பேக்கிங் என்போம். அதை அடைப்பு என்றால் ஒத்துக்கொள்கிறேன். மற்றது, சுற்றுகிற ஷாஃப்டைக் கவ்வி நிற்கும் ரப்பர் உதடு. அதன் முதுகில் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று இருக்கும், அந்தப் பக்கம் ஆயிலைப் பார்த்து உட்கார வேண்டும். 'எண்ணெய் அடைப்பான்' என்று எழுதினால் பையன் தக்கை என்று நினைத்து எந்தப் பக்கமாகவும் அடித்து இறக்குவான். போன மாதம் ஒருத்தன் அப்படித்தான் திருப்பி வைத்தான். அதைப் பிடுங்கிவிட்டு இன்னொன்று போட்டால், ஷாஃப்டின் ஸ்பிளைன், அதாவது பல் போன்ற வரிகள், மேல் டேப் சுற்றாமல் நுழைத்ததில் அதன் உதடு பாதி வழியிலேயே கிழிந்தது.

அப்புறம், சோதிக்கிற பகுதி. வரைவில் எல்லாவற்றுக்கும் 'கசிவு' என்றுதான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். பட்டறையில் மூன்று சொல் உண்டு: வேர்த்திருக்கு, கசியுது, ஒழுகுது. வேர்த்திருந்தால் துடைத்துவிட்டு மேலே இருக்கும் பிரீதரை, அதாவது உள்காற்று வெளியேறும் துளையைப் பாருங்கள். அதில் சேறு அடைத்திருந்தால் சூட்டில் உள்காற்று அழுத்தி நல்ல சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். முன்பக்கச் சீல் ஒழுகினால் கிளட்ச் பிளேட் நனைந்து வழுக்கும், பெட்டியை இறக்காமல் தீராது. ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் பிளக்கின் காந்தத்தில் மை போல் குழைவாக ஒட்டியிருப்பது சகஜம். பல் துண்டு ஒட்டியிருந்தால் அது சீலோடு முடிகிற வேலையே இல்லை. உதடு உட்கார்ந்த இடத்தை ஷாஃப்டில் நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டினால் அதே இடத்தில் புதுச் சீலும் நிற்காது. முதலில் வேர்ப்பது, கசிவது, ஒழுகுவது மூன்றுக்கும் தனித்தனிச் சொல்லை விட்டுவைத்தால் போதும், சீலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

யாழ்ப்பாணத்து வாசகர்:
ஒரு சின்னக் குறிப்பு. யாரும் 'மசகு எண்ணெய்த் தடை' என்று போட்டுவிடாதேங்கோ. எங்கட செய்திகளில் மசகு எண்ணெய் என்றால் சுத்திகரிக்காத எண்ணெய். அப்படி எழுதினால் எங்கயோ பொருளாதாரத் தடை போட்டுவிட்டார்கள் என்றுதான் இங்க விளங்கும்.

மொழிபெயர்ப்பவர்:
வியாழன் இரவு பதினொன்றரை. தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்து எண்ணிப் பார்த்ததில் 'கசிவுத்தடை'க்கு ஐந்து பேர், 'கவ்வுவளையம்' இரண்டு, கலப்பற்று ஐயா ஒருவரே. ஆகவே ஆயில் சீல் 'கசிவுத்தடை வளையம்', பேக்கிங் 'அடைப்பிதழ்'. படத்துக்குக் கீழே மட்டும் ஆயில் சீல், பேக்கிங் என்றே இருக்கும். வேர்ப்பு, கசிவு, ஒழுக்கு மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து எழுதிவிட்டேன், நாமக்கல் ஐயாவுக்கு நன்றி. மறுமுத்திரை ஒழிந்தது.

நாமக்கல் பயிற்றுநர்:
நல்லதும்மா. ஒன்றுதான் இடிக்கிறது. இதழ் என்றாலும் உதடு என்றாலும் ஒன்றுதானே? அதைத் தூக்கிப் பேக்கிங்குக்குக் கொடுத்துவிட்டீர்கள். உண்மையில் உதடு இருப்பது சீலுக்கு. பையன் குழம்ப மாட்டானா?

மொழிபெயர்ப்பவர்:
ஐயோ. கோப்பு போய்விட்டதே ஐயா.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
கலப்பற்று என்று வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. றகரம் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.