சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் லாகின் திரைக்கே திரும்பி வருகிறது (லினக்ஸ் மின்ட் 19.3)

கேள்வி:
வணக்கம். அப்பாவின் பழைய லேப்டாப், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். நேற்றிலிருந்து உள்ளே போக முடியவில்லை. பாஸ்வேர்டு அடித்து என்டர் தட்டினால் திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி லாகின் திரையே வந்து நிற்கிறது. தப்பு என்றும் சொல்லவில்லை. பத்து வருடக் குடும்பப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான் வழி என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

மறுமொழி:
தயவுசெய்து இன்ஸ்டால் மட்டும் செய்துவிடாதீர்கள் தம்பி. பாஸ்வேர்டு தவறாக இருந்தால் அங்கேயே சொல்லியிருக்கும். கறுத்துத் திரும்புகிறது என்றால் பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டுவிட்டது, டெஸ்க்டாப் கிளம்பும் இடத்தில்தான் விழுகிறது.

லாகின் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சில லேப்டாப்பில் எஃப்என் விசையும் வேண்டும். வரும் கறுப்புத் திரையில் யூசர் பெயர், பாஸ்வேர்டு கொடுங்கள். பாஸ்வேர்டு அடிக்கும்போது ஒரு புள்ளிகூடத் தெரியாது. கீபோர்டு கெட்டுவிட்டதோ என்று பயப்படாமல் முழுதாக அடித்து என்டர் தட்டுங்கள்.

உள்ளே போனதும் 'டிஎஃப் மைனஸ் எச்' அடித்து வட்டு நிரம்பியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் 'எல்எஸ் மைனஸ் எல்ஏ' அடித்து, புள்ளியில் தொடங்கும் எக்ஸ்அதாரிட்டி கோப்பு (டெஸ்க்டாப் திரையைத் திறக்கும் அனுமதிச் சாவி அதில் இருக்கும்) யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கேட்டவர்:
போய்விட்டேன் அண்ணா! வட்டு 61% தான். ஆனால் எக்ஸ்அதாரிட்டி வரியில் அப்பாவின் யூசர் பெயர் இல்லை. 'ரூட் ரூட்' என்று இருக்கிறது.

மறுமொழி:
அதுதான் கோளாறு. ரூட் என்பது முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கு. 'சூடோ ஸ்டார்ட்எக்ஸ்' (ரூட் அதிகாரத்தோடு டெஸ்க்டாப்பைக் கிளப்பும் கட்டளை) ஏதாவது அடித்தீர்களா?

கேட்டவர்:
ஆமாம். டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு திரை வரவில்லை என்று எங்கோ படித்துவிட்டு அடித்தேன். அப்போது டெஸ்க்டாப் வந்தது.

மறுமொழி:
வந்தது ரூட்டின் டெஸ்க்டாப். மின்ட் 19 வரிசை உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்டது. அதில் சூடோ போட்டாலும் ஹோம் அடைவு (யூசரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) உங்களுடையதாகவே இருக்கும். அதனால் ரூட் எழுதிய கோப்புகள் அப்பாவின் ஹோமிலேயே விழுந்துவிட்டன. இப்போது அப்பா லாகின் செய்தால் அந்தக் கோப்பைத் திறக்கவே அவருக்கு அனுமதி இல்லை.

'எம்வி' கட்டளையால் அதன் பெயரை மாற்றிவிடுங்கள். கோப்பு ரூட்டுடையதானாலும் அடைவு அப்பாவுடையது, ஆகவே பெயர் மாற்ற முடியும். அடுத்த லாகினில் புதிய கோப்பு தானே உருவாகும்.

இன்னொருவர்:
அது ஒன்று போதாது. அந்த ஸ்டார்ட்எக்ஸ் ஐசிஇஅதாரிட்டி கோப்பு, கான்ஃபிக், கேஷ் அடைவுகள் எல்லாவற்றிலும் கை வைத்திருக்கும். 'ஃபைண்ட்', டில்டே (~ குறி), 'மைனஸ் யூசர் ரூட்' அடித்தால் ரூட் பெயரில் உள்ள கோப்புகளின் பட்டியல் வரும். அவற்றை அப்பாவின் பெயருக்கு மாற்ற இப்படி அடியுங்கள்: 'சூடோ சோன் மைனஸ் ஆர்' (ஆர் பெரிய எழுத்து), பிறகு யூசர் பெயர், முக்காற்புள்ளி, மறுபடி யூசர் பெயர், கடைசியில் ஸ்லாஷ் ஹோம் ஸ்லாஷ் யூசர் பெயர். பாதையை இரண்டு முறை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள். வெறும் ஸ்லாஷோடு நின்றுவிட்டால் மொத்த சிஸ்டத்தின் உரிமையும் மாறி, சூடோவே வேலை செய்யாமல் போய்விடும்.

கேட்டவர்:
ரீபூட் செய்தேன், டெஸ்க்டாப் வந்துவிட்டது! நீங்கள் சொன்னது போலவே கேஷ் அடைவிலும் ரூட் கோப்புகள் இருந்தன. இருவருக்கும் மிக்க நன்றி.

மறுமொழி:
மகிழ்ச்சி. 19.3-க்கான ஆதரவு 2023 ஏப்ரலோடு முடிந்துவிட்டது, புதிய பதிப்புக்கு மாறிவிடுங்கள். அதற்கு முன்னால் படங்கள்.

கேட்டவர்:
வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏறிக்கொண்டிருக்கிறது அண்ணா. இன்னும் 40 நிமிடம் காட்டுகிறது.